அடிவாரத்தில் அரைமணி நேர அண்டை வீட்டார்

சேலம் அஸ்தம்பட்டியைக் கடந்து, கோரிமேடு வழியாக ஏற்காடு சாலையில் செல்வோருக்குச் சிறிது தூரத்திலேயே சேர்வராயன் மலைத்தொடர் கண்ணெதிரே எழுந்து நிற்பது தெரியும். கொண்டப்பநாயக்கன்பட்டியை அடுத்து மலை தொடங்கும் இடத்தை மக்கள் ‘அடிவாரம்’ என்றே அழைக்கின்றனர். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள். வெயிலில் வாடி வந்தவர்கள் குளிர்ச்சியைத் தேடி மேலே ஏறுமுன் மூச்சு வாங்கிக்கொள்ளும் படிக்கட்டாக அடிவாரம் அமைந்திருக்கிறது.

இந்த மலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி மாவீரர் திப்பு சுல்தானின் ஆட்சிப் பகுதியிலிருந்து சேலம் சீமை ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்குச் சென்றது. பின்னர் 1820-ஆம் ஆண்டளவில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்து பயிரிட்டார். இன்றும் ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களும், மரங்களைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகளும் காண்போர் கண்ணைக் கவர்கின்றன. மலைமேல் இருக்கும் ஏரியையும், அண்ணா பூங்காவையும், பகோடா முனையையும் பற்றி எழுதியோர் பலர். நாம் இங்கே பேச வந்தது மலையுச்சியைப் பற்றியன்று; மலையடியில், உணவகங்களின் முற்றத்தில் ஊஞ்சலும் சறுக்குமரமும் போடப்பட்டிருக்கும் ஒரு துண்டு மண்ணைப் பற்றி.

‘இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது?’ என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். ஒரு குடும்பம் தன் பிள்ளைகளை எப்படி வளர்த்திருக்கிறது என்பதை அதன் வீட்டுக்குள் சென்று அறிய வேண்டியதில்லை. இத்தகைய இடத்தில் அரைமணி நேரம் அமர்ந்து பார்த்தாலே போதும், தெரிந்துவிடும்.

உணவகத்தில் ஊஞ்சல் வந்த கதை

முற்காலத்தில் பயணம் புறப்படும் குடும்பம் புளிச்சோற்றையும் ரொட்டியையும் கட்டிக்கொண்டு கிளம்பும். வழியில் மரநிழல் கண்ட இடத்தில் ஜமக்காளத்தை விரிப்பார்கள். பிள்ளைகள் விழுதைப் பிடித்து ஆடுவார்கள். இன்றோ, சேலத்தைத் தொட்டுச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பெங்களூரிலிருந்து 200 கிலோ மீட்டர் தூரத்தைச் சில மணி நேரத்தில் கடந்து வந்துவிடுகிறார்கள். சென்னை, கோவை, ஈரோடு என்று நாலா திசைகளிலிருந்தும் வண்டிகள் வருகின்றன. சாலைகள் அகன்றதும் சாலையோர உணவகங்களும் அகன்றன. வண்டிக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகளுக்குக் கைகால் நீட்ட இடம் வேண்டும் என்பதை உணவகத்தார் கண்டுகொண்டனர். குழந்தை எங்கே நிற்கச் சொல்கிறதோ அங்கேதான் வண்டி நிற்கும் என்பது அவர்கள் அறிந்த வியாபார நுட்பம்.

இந்த நுட்பம் அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்திலேயே பெரிய அளவில் கையாளப்பட்டது. மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் தன் உணவகங்களில் சிறுவர் விளையாட்டிடங்களை அமைக்கத் தொடங்கியது அப்போதுதான். அந்த நிறுவனம் 1996-இல் இந்தியாவுக்குள்ளும் நுழைந்தது. இப்போது நம் ஊர் பிரியாணிக் கடைக்காரரும் பின்புறம் ஒரு காணி இடம் கிடைத்தால் நாலு கம்பி நட்டு ஊஞ்சல் கட்டிவிடுகிறார்.

குழந்தைகள் விளையாடுவதை வீண் என்று எண்ணுவோரும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் அபூ உமைர் என்ற சிறுவரின் வரலாற்றை நினைவுகூர வேண்டும். அச்சிறுவர் வைத்து விளையாடிய சிட்டுக்குருவி இறந்துபோனபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவரிடம் அந்தக் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றிருக்கிறது. ஒரு சிறுவரின் விளையாட்டுப் பறவையைப் பற்றி விசாரிப்பதற்கும் அவர்களுக்கு நேரம் இருந்தது. ஐக்கிய நாடுகள் மன்றம் 1989-இல் நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே விளையாடலாமா என்பது கேள்வியல்ல. எப்படி விளையாடுவது என்பதே கேள்வி.

இடம் யாருடையது?

முதலில் நாம் தெளிந்துகொள்ள வேண்டியது, அந்த இடம் யாருடையது என்பதாகும். அது நகராட்சிப் பூங்காவன்று. ஒருவர் தம் பொருளைச் செலவிட்டு, தம் உணவகத்திற்கு வரும் விருந்தினரின் பிள்ளைகளுக்காக அமைத்தது. பிறர் பொருளை அவருடைய அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்பது நம் மதரஸாவில் முதல் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

கோடை விடுமுறையில் அடிவாரத்தில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. ஒரு வேன் வந்து நிற்கும். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் குதித்து ஓடி ஊஞ்சலைப் பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டை வேனுக்குப் பின்னால் வைத்துப் பிரிப்பார்கள். உணவகத்திலிருந்து ஒரு தேநீர்கூட வாங்குவதில்லை. உள்ளே உணவருந்தும் குடும்பத்தின் பிள்ளை வாசலில் நின்று ஊஞ்சலை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும்.

வசதி குறைந்த குடும்பங்கள் இருபது பேருக்கும் உணவகத்தில் வாங்கிக் கொடுக்க இயலாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கல்லாவில் இருப்பவரிடம் சென்று, “பிள்ளைகள் கொஞ்ச நேரம் விளையாடிக்கொள்ளட்டுமா?” என்று ஒரு வார்த்தை கேட்பதற்குச் செலவு ஏதுமில்லை. பெரும்பாலான உரிமையாளர்கள் மறுப்பதில்லை. கேட்டுப் பெற்ற அனுமதியோடு ஆடும் ஊஞ்சலில் பிள்ளைக்கும் ஒரு பாடம் இருக்கிறது. மறுத்துவிட்டால், முகம் கோணாமல் நகர்ந்துவிடுவதும் ஒரு பாடமே.

அடிவாரத்தை ஒட்டியே குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது. 1981-இல் தொடங்கப்பட்ட இப்பூங்கா மலையடியின் மரச்செறிவில் அமைந்தது. மேலே ஏரிக்கரையில் அண்ணா பூங்கா உண்டு. கட்டுச்சோறு கொண்டுவரும் பெரிய குடும்பங்களுக்குப் பொதுமக்களுக்கான இவ்விடங்களே பொருத்தமானவை. எத்தனை பேரோடு செல்கிறோம், எங்கே பிள்ளைகளை இறக்கிவிடப் போகிறோம் என்பதைப் புறப்படும்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.

இருபதாவது வளைவு

ஊஞ்சல் இரண்டு, பிள்ளைகள் பதினைந்து. இந்தக் கணக்கை யார் தீர்ப்பது?

கடந்த கோடையில் அடிவாரத்து உணவகம் ஒன்றில் ஒரு மூதாட்டி இதனைத் தீர்த்துவைத்த விதத்தைக் கண்டோம். வெள்ளைத் துப்பட்டி அணிந்த அந்த நன்னி, ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அமர்ந்திருந்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் மூவர். மற்றவர்கள் அவர் அறியாத குடும்பங்களின் பிள்ளைகள். எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, “மலைக்குப் போற ரோட்டுல எத்தனை வளைவு இருக்குது, தெரியுமா?” என்று கேட்டார். “இருபது!” என்று ஒருவன் கூவினான். “அப்ப ஒவ்வொரு ஆட்டமும் ஒரு வளைவு. எல்லாரும் சேர்ந்து எண்ணுங்க” என்றார்.

பிள்ளைகள் ஒரே குரலில் எண்ணத் தொடங்கினார்கள். இருபது முடிந்ததும், “இருபதாவது வளைவு வந்தாச்சு கண்ணு, எறங்கு. அடுத்த வண்டி காத்துக்கிட்டு இருக்குது” என்பார் நன்னி. இறங்க மனமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டவன் அவருடைய சொந்தப் பேரன்தான். “நன்னி, இன்னும் அஞ்சு!” என்று கெஞ்சினான். “ஏற்காடு வந்த பொறவும் பஸ்ஸை விட்டு எறங்க மாட்டேன்னா, கண்டக்டர் சும்மா விடுவாரா?” என்று சிரித்துக்கொண்டே அவனை இறக்கி, வரிசையில் அடுத்து நின்ற, நெற்றியில் திருநீறு பூசியிருந்த சிறுவனை ஏற்றிவிட்டார்.

காத்திருக்கும் பிள்ளைக்கும் எண்ணுகிற வேலை இருந்ததால், காத்திருப்பதே விளையாட்டாகிவிட்டது. எண்ணிக்கை எல்லார் காதிலும் விழுந்ததால் ஏமாற்ற வழியில்லை. தம் பேரனுக்கு ஓர் ஆட்டம்கூட அதிகம் கொடாததால் அவருடைய தீர்ப்பை மற்ற பிள்ளைகள் மறுக்கவில்லை. நீதி என்பதை நாம் மேடைகளில் மணிக்கணக்கில் பேசுகிறோம். அந்த மூதாட்டி அதை இருபது ஆட்டத்தில் காட்டிவிட்டார். எந்த உணவகத்திலும், எந்த ஊஞ்சலிலும் நம் வீட்டுப் பெரியவர்கள் இந்த வழியைக் கையாளலாம்.

ஒருவர் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து அவரை எழுப்பிவிட்டு மற்றவர் அமர்வதை அண்ணலார் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இக்கட்டளையைப் பெரியவர்களின் சபைக்கு மட்டும் உரியதென்று நாம் நினைத்துவிடுகிறோம். ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையை ‘நீ இறங்கு, என் மகன் ஆடட்டும்’ என்று அதட்டும் தந்தைக்கும் அது பொருந்தாதா?

உடலுக்குக் கேடு வராமல்

விளையாட்டிடத்தில் வரும் காயங்களில் பல, அன்பின் மிகுதியால் பெரியவர்களே உண்டாக்குபவை. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தாயோ தந்தையோ சறுக்குமரத்தில் சறுக்குவதை எங்கும் காண்கிறோம். குழந்தைக்குப் பாதுகாப்பு என்றெண்ணியே அவ்வாறு செய்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் இதைப் பற்றி எச்சரித்தனர். தனியே சறுக்கும் குழந்தையின் கால் ஓரத்தில் மாட்டிக்கொண்டால், அதன் எடை குறைவாதலால் அது நின்றுவிடும். பெரியவர் மடியில் இருக்கும்போது, கால் மாட்டிக்கொண்டாலும் பின்னாலிருக்கும் பெரியவரின் எடை குழந்தையை முன்னே தள்ளும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியும். தனியே சறுக்க இயலாத குழந்தைக்குச் சறுக்குமரம் இன்னும் உரியதாகவில்லை என்பதே பொருள்.

குதிக்கும் வலையாகிய டிராம்போலினும் இப்போது பல இடங்களில் வந்துவிட்டது. அதில் ஏற்படும் காயங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, ஒரே நேரத்தில் பலர் குதிப்பதால் வருபவை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012-இல் கூறியது. கூட்டத்தில் மிகச் சிறிய பிள்ளைக்கே ஆபத்து அதிகம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் என்பதே இதற்குரிய விதி.

வண்ணப் பந்துகள் நிறைந்த தொட்டியும் பிள்ளைகளைக் கவர்வது. 2019-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஆறு சிகிச்சை நிலையங்களிலிருந்த இத்தகைய தொட்டிகளின் பந்துகளைச் சோதித்தபோது, நோய் உண்டாக்கக் கூடிய நுண்ணுயிர்கள் அவற்றில் இருப்பது தெரிந்தது. மருத்துவ இடத்திலேயே அந்த நிலை என்றால் சாலையோரத்தில் எப்படியிருக்கும்? ஆகவே, விளையாடி முடித்ததும் சோப்பிட்டுக் கைகழுவிய பின்னரே தட்டில் கைவைக்க வேண்டும். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அம்மை, கண்வலி உள்ள பிள்ளையை அன்றைக்கு விளையாட விடாமல் நிறுத்துவது பிறர் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் கடமை.

நம் குடும்பத்துத் தாய்மார்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெண் பிள்ளைகளின் துப்பட்டா நுனி ஊஞ்சல் சங்கிலியிலோ, ராட்டினத்தின் அச்சிலோ, சறுக்குமரத்தின் திருகாணியிலோ சிக்கிக்கொண்டால் கழுத்தை இறுக்கிவிடும். சிறுவர் மேலாடைகளின் கழுத்து நாடாக்கள் இவ்விதம் உயிரைப் பறித்ததால், அமெரிக்க அரசு 1996-இலேயே அவற்றைத் தவிர்க்கும்படி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தலைமறைப்பைக் கைவிட வேண்டியதில்லை. நுனிகள் தொங்காமல், தைத்து மூடிய முக்காட்டை அணிவித்து அனுப்பினால் போதும். நாணமும் காக்கப்படும், உயிரும் காக்கப்படும். தாய்மார்களும் ராட்டினத்தைச் சுற்றிவிடும்போது தம் புர்க்காவின் விளிம்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

சேலத்து வெயில் யாவரும் அறிந்தது. மலைமேல் குளிர்ந்தாலும் மலையடியில் தகிக்கும். சித்திரை, வைகாசியில் நண்பகல் நேரத்தில் தகரச் சறுக்குமரம் தோசைக்கல்லாகிவிடும். பெரியவர் ஒருவர் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளையை ஏற்றுவது நலம். மலையேறப் போகிறவர்கள் வயிறு முட்ட உண்டு, உடனே குடை ராட்டினத்தில் சுற்றிவிட்டு வண்டியில் ஏறினால், ஐந்தாவது வளைவைத் தாண்டுமுன்னரே வண்டியை நிறுத்த வேண்டி வரும். முதலில் விளையாட்டு, பிறகு அளவான உணவு, சிறிது ஓய்வு, அதன்பின் பயணம் என்ற வரிசையே அடிவாரத்துக்கு ஏற்றது.

குரங்கும் கொறிக்கும் பண்டமும்

மற்ற ஊர்களில் இல்லாத ஒரு விதி மலையடிக்கு உண்டு. விளையாட்டிடத்துக்குள் தின்பண்டத்தைக் கொண்டுசெல்லக் கூடாது என்பதே அது. மலைச்சாலை நெடுகிலும் நாட்டுக் குரங்குகள் கைப்பிடிச் சுவரில் வரிசையாக அமர்ந்திருப்பதைப் பயணிகள் அறிவர். சிப்ஸ் பொட்டலத்தின் சலசலப்பு அவற்றுக்கு நன்கு பழக்கம். பொட்டலத்தோடு ஊஞ்சலில் ஆடும் குழந்தையிடம் அவை பாய்ந்தால், பறிபோவது பொட்டலம் மட்டுமன்று. கீறலும் கடியும் ஏற்பட்டு ஊசி போட மருத்துவமனைக்கு ஓட வேண்டி வரும்.

குரங்குக்கு உணவிடுவதை நன்மையென்று கருதிச் செய்வோரும் உண்டு. உயிர்களிடம் இரக்கம் நல்லதே. ஆனால் நாம் இன்று வீசும் வடைத்துண்டினால், காட்டில் தன் இரையைத் தேடும் பழக்கத்தை அந்த உயிர் இழந்து, சாலையில் வண்டிச் சக்கரத்தில் அடிபடுகிறது. நாளை வரும் குழந்தையை நோக்கிப் பாய்கிறது. உணவிடக் கூடாதென்று வனத்துறை வலியுறுத்துவது இதனால்தான். நாம் செய்வது இரக்கமா, துன்பத்துக்கு வித்தா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாய்மார்களும் சூடாறாத சோறும்

இத்தகைய உணவகங்களில் நம்மை வருந்தச் செய்யும் காட்சி வேறொன்றும் இருக்கிறது. குடும்பத் தலைவர் ஆற அமர உண்பார். நண்பரோடு கைபேசியில் உரையாடுவார். குடும்பத் தலைவியோ ஒரு வாய் உண்பதும், ஊஞ்சலுக்கு ஓடுவதும், மறுபடியும் வருவதுமாக இருப்பார். அவருடைய தட்டிலிருக்கும் பிரியாணி ஆறிப்போகும். ‘வெளியூர் அழைத்துச் சென்றேன்’ என்று கணவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். மனைவிக்கு அது சமையலில்லாத இன்னொரு வேலைநாளே தவிர வேறென்ன?

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் இருக்கும்போது தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருந்ததை ஆயிஷா (ரலி) அவர்கள் எடுத்துரைத்திருக்கிறார்கள். அந்த வழிமுறையைப் பயணத்தில் கடைப்பிடிப்பது எளிது. ஒருவர் உண்ணும்போது மற்றவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும், பிறகு மாறிக்கொள்ளட்டும். அத்தா ஊஞ்சலைத் தள்ளிவிட்ட நாளைப் பிள்ளை மறக்காது.

பார்த்துக்கொள்வது என்றால் கைபேசியில் குனிந்தபடி பக்கத்தில் நிற்பதன்று. கண் பிள்ளையின்மேல் இருக்க வேண்டும். பரிமாறும் தம்பிகளையும், தட்டு எடுக்கும் பெண்களையும் பிள்ளை மேய்ப்பவர்களாக நினைத்துவிடக் கூடாது. கொதிக்கும் சாம்பார் வாளியோடு அவர்கள் நடக்கும் வழியில் பிள்ளை குறுக்கே ஓடினால் யாருக்குக் கேடு? சாலையில் அமர்வோர் சாலைக்குரிய உரிமையைக் கொடுக்க வேண்டும் என்ற நபிமொழியில் பார்வையைத் தாழ்த்துவதும், பிறருக்குத் துன்பம் தராதிருப்பதும் சொல்லப்பட்டிருக்கின்றன. நம் குழந்தையைப் படமெடுக்கும் சாக்கில் பிற குடும்பத்துப் பெண்களையும் குழந்தைகளையும் கைபேசியில் பதிந்து ஊரெல்லாம் பரப்புவோர் இதைச் சிந்திப்பார்களாக.

ஒரு குழந்தையும் ஒரு சமுதாயமும்

இனி, நான் கண்ணால் கண்ட மற்றொரு நிகழ்ச்சி. சறுக்குமரத்தின் ஏணியில் தொப்பி அணிந்த ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன், முன்னால் தயங்கி நின்ற நான்கு வயதுப் பெண் குழந்தையைத் தள்ளிவிட்டான். குழந்தை மணலில் விழுந்தது. உதடு கிழிந்து இரத்தம் வந்தது. குழந்தையின் தந்தை ஓடிவந்து சிறுவனின் கையை இறுகப் பற்றினார். மேசைக்காகக் காத்திருந்தவர்களில் ஒருவர், “இவங்க ஆளுங்க புள்ளைங்களே இப்பிடித்தான்” என்றார். அவர் உரக்கவே சொன்னார்; அனைவர் காதிலும் விழுந்தது.

சிறுவனின் தந்தை எழுந்து வந்தார். என்ன நடக்குமோ என்று எல்லாரும் பார்த்திருந்தோம். அந்தச் சொல்லை வீசியவரை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே குழந்தையிடம் சென்று மண்டியிட்டு, “தப்பு எம் பையன் மேலதாங்க. மொதல்ல புள்ளையப் பாப்போம்” என்றார். உணவகத்தாரிடம் ஐஸ் கேட்டு வாங்கி, தம் கைக்குட்டையில் சுற்றிக் குழந்தையின் தாயிடம் கொடுத்தார். அதன் பிறகே மகனை அழைத்து, அந்தக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்கச் செய்தார். அடிக்கவில்லை, அன்று இனி விளையாட்டில்லை என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

குழந்தையின் தந்தை சிறுவனின் கையை விட்டபோதே அவருடைய கோபமும் தணிந்திருந்தது. அவர் காத்திருந்தவரைப் பார்த்து, “கொழந்தைங்க சண்டையில ஆளு என்னங்க, சாதி என்னங்க?” என்று கேட்டார். அந்த மனிதர் பதில் சொல்லவில்லை, வருந்தியதாகவும் தெரியவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாச் சண்டையும் கதைகளில் வருவதுபோல் இனிதே முடிவதில்லை. ஆனால் அந்தச் சிறுவனும் அந்தச் சிறுமியும், சுற்றியிருந்த பிள்ளைகளும் அன்று எதைப் பார்த்தார்களோ அது அவர்கள் மனத்தில் பதிந்திருக்கும்.

ஒரு பிள்ளையின் பிழைக்கு ஒரு சமுதாயத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநீதி. இதை நமக்குச் செய்யும்போது நெஞ்சு வலிக்கிறது. அதே சொல்லை நாம் பிறர் பிள்ளைகளைப் பற்றி வீட்டுக்குள் எத்தனை முறை சொல்கிறோம் என்பதையும் நேர்மையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். வண்டியில் ஏறிக் கதவை மூடியவுடன் ‘அவங்க பழக்கமே அப்படித்தான்’ என்று பெற்றோர் பேசினால், பின்னிருக்கையில் பிள்ளையின் காது திறந்தே இருக்கிறது.

திருக்குர்ஆனின் நான்காவது அத்தியாயம், 36-ஆவது வசனம், நன்மை செய்யப்பட வேண்டியவர்களின் வரிசையில் உறவினரான அண்டை வீட்டாரையும், அந்நியரான அண்டை வீட்டாரையும் சொல்லி, அதன் பிறகு நம் பக்கத்தில் இருக்கும் தோழரையும் சேர்க்கிறது. பயணத்தில் உடன் வருபவரும், சிறிது நேரம் பக்கத்தில் அமர்பவரும் இதில் அடங்குவர் என்று விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். அடுத்த மேசையில் அமர்ந்து உண்ணும் குடும்பம், நம் பிள்ளையோடு சறுக்குமரத்தில் வரிசை நிற்கும் பிள்ளை, அந்தப் பிள்ளையின் தாய் – இவர்கள் யாவரும் அரைமணி நேரத்துக்கு நம் அண்டை வீட்டார். அவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. மறுபடியும் சந்திக்கப் போவதில்லை. ஆயினும் அந்த அரைமணி நேரத்துக்குரிய உரிமை அவர்களுக்கு நம்மீது உண்டு. விளையாட்டிடத்தின் ஒழுக்கங்கள் அனைத்தும் இந்த ஓர் உரிமையிலிருந்தே பிறக்கின்றன.

புறப்படும் முன்

கோடை விழாக் காலத்தில் அடிவாரத்து உணவகங்களில் ஒரு மேசைக்கு மூன்று குடும்பங்கள் காத்திருக்கும். உண்டு முடித்தபின், பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்பதற்காகப் பைகளை வைத்து மேசையைப் பிடித்திருப்பது முறையன்று. மேசையை விட்டுவிட்டு வெளியே நிழலில் நிற்கலாம். லுஹரோ அஸரோ தொழ வேண்டியிருந்தால், உரிமையாளரைக் கேட்டு, மக்கள் நடமாட்டமில்லாத ஓர் ஓரத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஊஞ்சலுக்கு முன்னாலும் நடைவழியிலும் முஸல்லாவை விரித்துப் பிறருக்கு இடையூறு செய்யலாகாது. பெரியவர்கள் யாவரும் ஒரே நேரத்தில் தொழுகையில் நின்றுவிடாமல், பிள்ளைகளைப் பார்க்க ஒருவர் இருக்கட்டும்.

பிள்ளைகளை அழைக்கும்போது திடீரென்று கையைப் பிடித்து இழுக்காமல், “இன்னும் ஐந்து வளைவு, பிறகு கிளம்பலாம்” என்று முன்னதாகச் சொல்லிவிட்டால் அழுகை குறையும். போகுமுன் பிள்ளைகளே தாங்கள் போட்ட காகிதத்தையும் புட்டியையும் பொறுக்கிக் கூடையில் போடட்டும். வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது தர்மம் என்று அவர்கள் மதரஸாவில் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். செய்து பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஊஞ்சலின் கொக்கி தேய்ந்திருந்தாலோ, பலகையில் ஆணி நீட்டிக்கொண்டிருந்தாலோ கல்லாவில் சொல்லிவிட்டுச் செல்வது, அடுத்து வரப்போகும் முகமறியாத குழந்தைக்கு நாம் செய்யும் உதவி. தட்டெடுத்த பெண்மணிக்கும், முற்றத்தைப் பெருக்கிய முதியவருக்கும் பிள்ளைகள் வாயால் ஒரு நன்றி சொல்லட்டும்.

அதன் பிறகு வண்டியில் ஏறி, முதல் வளைவிலிருந்து பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். மேலே ஏறஏறக் காற்று குளிரும். கீழே சேலம் நகரம் சிறுத்துக்கொண்டே போகும். எங்கு சென்றாலும் அண்டையில் இருப்பவருக்கு நன்மையாக அமையும் மக்களாக நம் பிள்ளைகளை வல்ல இறைவன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.